மக்களை நம்பிய சிறகு

"அந்தக் கைப்பிடியில இருந்து கையை எடுத்துருங்க கேப்டன். அது சும்மா அழகுக்கு வெச்சதுதானுங்" என்றான் குணாளன்.

பெனிட்டா மிசியர் எடுக்கவில்லை. "அழகா இருக்குல்லா, அதான் பிடிச்சிருக்கேன். உமக்கு எங்க நோவுது?"

இருவருக்கும் ஆகாது. மதுரையில் ஏறும்போதே ஆகாது. கோதாவரியைத் தாண்டுவதற்குள் இன்னும் ஆகாமல் போயிருந்தது. அவள் தூத்துக்குடிக்காரி, விமானி. அவன் கோயம்புத்தூர்க்காரன், நெகிழ்சிறகை வடிவமைத்த குழுவின் தலைவன். இன்று பக்கத்து இருக்கையில் அவன் வந்து உட்கார்ந்ததற்கு ஒரே காரணம்தான்: விமானி என்று ஒருத்தி இனிமேல் தேவையா என்று பார்த்து நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். தேவையில்லை என்று அவன் ஏறும் முன்பே முடிவு கட்டியாகிவிட்டது. அதை அவளிடமே, மரியாதை குறையாமல், 'ங்க' போட்டுச் சொல்லியும் ஆகிவிட்டது. பெனிட்டாவுக்குப் பறப்பதைத் தவிர வேறு எதிலும் மனசு ஒட்டியதில்லை. கல்யாணம், வீடு, வாசல் எல்லாவற்றையும் இந்த நாற்காலிக்காகத் தள்ளிவிட்டவள். அதை ஒருத்தன் சிரித்துக்கொண்டே பிடுங்க வந்தால் வயிறு எரியாதா?

சிறகு நல்ல சிறகுதான். அதில் பொய் சொல்லக் கூடாது. பழைய விமானங்களுக்கு இறக்கை என்றால் இறக்கை, அவ்வளவுதான். காற்று எப்படி அடித்தாலும் அது விறைத்துக்கொண்டு நிற்கும். நெகிழ்சிறகு அப்படி இல்லை. தோலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான தசைத்தகடுகள். காற்று மாறினால் சிறகும் மாறும். குறுகும், நீளும், முனையைத் தூக்கும், ஓரத்தைச் சுருட்டும். ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, காற்றுக்குத் தகுந்தபடி உள்ளங்கையைச் சாய்த்து விளையாடியிருப்பீர்களே, அதேதான். எரிபொருள் பாதியானது. குலுக்கல் என்கிற வார்த்தையே பயணிகளுக்கு மறந்துபோனது. இந்தச் சிறகு வந்த பிறகு ஒரு விமானம்கூட விழவில்லை.

சிறகுக்கென்று ஒரு மூளை. சிறகறிவு என்று பெயர். காற்றை மட்டுமல்ல, உள்ளே இருக்கும் ஆட்களையும் அது அறியும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், யார் எழுந்து நடக்கிறார்கள் என்பதைத் தரையிலும் இருக்கையிலும் பதித்த உணர்தோல் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே சிறகைச் சரிக்கட்ட முடியும்? தரையில் இறங்கியதும் சிறகு தானே மடங்கிக் குறுகிவிடும். அதற்குத் 'தங்கல் உரு' என்று பெயர் வைத்திருந்தார்கள். இட நெருக்கடியுள்ள நம் விமான நிலையங்களில் ஒன்றுக்கு இரண்டாக நிறுத்தலாம். மேலே பறக்கும்போது விரிந்திருப்பது 'பறப்பு உரு'.

இதில் விமானிக்கு என்ன வேலை? ஒரு ஒலிவாங்கி இருக்கிறது, அறிவிப்புச் செய்யலாம். ஒரு சிவப்புக் கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால் சிறகுக்கு ஒரு கோரிக்கை போகும். சிறகு அதைப் பரிசீலிக்கும். தாலுகா அலுவலகம் தோற்றது, போங்கள்.

அன்றைக்குப் பயணிகள் முழுக்க ஒரே கட்சிக்காரர்கள். கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். எதைச் சொன்னாலும் எவனாவது கொடி பிடித்துக்கொண்டு வருவான். டெல்லியில் யாரையோ பார்த்து மனுக் கொடுப்பதற்காக விமானத்தையே வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். கட்சி ஒன்று, அணி இரண்டு. பொதுச்செயலாளர் மருதவாணனின் ஆட்கள் முன்பாதியில், பொருளாளர் சிங்காரவடிவேலுவின் ஆட்கள் பின்பாதியில். இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து வருஷக்கணக்காகிறது.

சாப்பாடு முடிந்ததும் மருதவாணன் கழிவறைக்குப் போக எழுந்தார். தலைவர் எழுந்தால் தொண்டன் உட்கார்ந்திருக்கலாமா? முன்பாதி முழுக்க எழுந்து நின்றது. பின்பாதி அசையவில்லை. மருதவாணன் திரும்பிப் பார்த்தார்.

"பொதுச்செயலாளர் நிக்கிறாரு. உக்காந்துக்கிட்டு வேடிக்கை பாக்குறானுங்க பாரு. மரியாதை தெரியாத பயலுக!" என்று முன்பாதியில் ஒருவன் கத்தினான்.

"யாரைடா பயலுகங்கிற?" என்று சிங்காரவடிவேலு எழுந்தார். அவர் எழுந்ததும் பின்பாதியும் எழுந்தது. சமாதானம் செய்ய நினைத்த யாரோ ஒரு புண்ணியவான், தலைவர்களுக்குப் பொன்னாடை எடுப்பதற்காக மேல்தட்டைத் திறந்தான். அவன் எங்கே நம் பொன்னாடையை எடுத்து விடுவானோ என்று அத்தனை பேரும் அத்தனை தட்டுகளையும் திறந்தார்கள்.

விமானி அறையில் பெனிட்டா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். இடது சிறகின் முனை, தூங்கப் போகும் கோழி மாதிரி, மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"உம்ம சிறகு என்னத்துக்கு மடங்குது?"

"மடங்காதுங். காத்துக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணும்" என்றபடி குணாளன் தன் பலகையைப் பார்த்தான். பார்த்த முகம் வெளுத்தது. "ஐயோ. தங்கல் உருவுக்குப் போகுதுங்."

"ஆகாயத்துலயா?"

"தரையில இருக்கறதா நெனச்சுக்கிச்சுங்."

விமானம் இறங்கத் தொடங்கியிருந்தது. மூக்கு குத்தவில்லை, குலுக்கல் இல்லை. சிறகு குட்டையாகக் குட்டையாக, மாடிப்படியில் இறங்குகிற மாதிரி நிதானமாக உயரம் குறைந்தது. அந்த நிதானம்தான் பெனிட்டாவைப் பயமுறுத்தியது.

"சக்கரம் உள்ள கிடக்கு. உயரமானி ஆகாயம்னு கத்துது. எப்படித் தரைன்னு நெனைக்கும்? சொல்லும் ஓய்!"

குணாளன் பலகையிலிருந்து கண்ணை எடுத்தான். சொல்லித்தான் ஆக வேண்டும். முதலில் சக்கரத்தைத்தான் நம்ப வைத்திருந்தார்கள். மழையிலும் புழுதியிலும் சக்கர உணரி அடிக்கடி பொய் சொன்னது. விமானங்கள் சிறகை மடக்காமல் மணிக்கணக்காக ஓடுபாதையை அடைத்துக்கொண்டு நின்றன. எனவே எந்தச் சாட்சியை எவ்வளவு நம்புவது என்று சிறகே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது கற்றுக்கொண்டது. உயரமானி வெயிலில் தப்புச் சொல்லும். சக்கரம் மழையில் தப்புச் சொல்லும். ஆனால் ஒரு சாட்சி மட்டும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. தரை தட்டிய அடுத்த நொடி, பணிப்பெண் தொண்டை கிழியக் கத்தினாலும், வார் அவிழ்த்து, எழுந்து, மேல்தட்டைத் திறந்து, பையை இறக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் நம் ஜனங்கள். லட்சக்கணக்கான பயணங்களில் ஒருமுறைகூட அவர்கள் தவறியதில்லை.

"அது மக்களத்தானுங் ரொம்ப நம்புது" என்றான் குணாளன். "எல்லாரும் எந்திரிச்சு நின்னு, தட்டுகளையும் தொறந்துட்டா, பயணம் முடிஞ்சுதுன்னு அதுக்கு அர்த்தம். இதுக்குத்தானுங் எங்களுக்கு விருதே குடுத்தாங்க. மடக்குற நேரம் பாதியாச்சுன்னு."

"விருது! அதை எடுத்து மூஞ்சில பூசிக்கிடும்."

பெனிட்டா கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். சிறகின் பதில் இனிமையான பெண் குரலில் வந்தது: "விமானம் தரையில் உள்ளது. நிறுத்துமிடத்தில் சிறகை விரிப்பது பாதுகாப்பானதல்ல. உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது."

மறுபடி இழுத்தாள். மறுபடி நிராகரித்தது, அதே இனிமையோடு.

ஒலிவாங்கியை எடுத்தாள். "கேப்டன் பேசுதேன். எல்லாரும் உடனே உக்காருங்க. நீங்க நிக்கிறதால சிறகு மடங்குது. விமானம் விழுந்துட்டு இருக்கு. தயவுசெஞ்சு உக்காருங்க!"

பணிப்பெண் ஜெசிமா உள்தொலைபேசியில் அழாக்குறையாகப் பேசினாள். "யாரும் உக்கார மாட்டேங்கறாங்க மேடம். அவங்க மொதல்ல உக்காரட்டும்னு இவங்க சொல்றாங்க, இவங்க உக்காரட்டும்னு அவங்க. மொதல்ல உக்காந்தா தோத்த மாதிரியாம்."

"செத்துருவோம்னு சொல்லு புள்ள!"

"சொல்லிட்டேன் மேடம். செத்தாலும் அண்ணன் நிக்கும்போது உக்கார மாட்டோம்னு கோஷம் போடறாங்க. கேப்டன் எந்த அணின்னு வேற கேக்கறாங்க."

கீழே காடு தெரிந்தது. மரங்களைத் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை, இன்னும் கொஞ்ச நேரத்தில் முடியும். குணாளன் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தான். "சாட்சிய அழிக்க முடியலீங். பறக்கும்போது அதோட மூளையத் தொடக் கூடாதுன்னு நாங்களே பூட்டி வெச்சிருக்கோம். அதுக்குப் புரியாத நெலம வந்தா மட்டும் பறப்பு உருவுக்குத் திரும்பிரும். அந்த ஒரு விதிதானுங் நாங்க கையால எழுதுனது."

"புரியாத நெலமன்னா?"

"இதுவரைக்கும் ஒரு தடவகூட அது பாக்காத நெலமங்."

பெனிட்டா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆட்கள் எதற்கும் எழுந்து நிற்பவர்கள். மாலைக்கு நிற்பார்கள், வாழ்த்துக்கு நிற்பார்கள், அஞ்சலிக்கு நிற்பார்கள். உட்கார்ந்து அவர்களை எங்கே பார்த்திருக்கிறாள்? பார்த்திருக்கிறாள். மாசத்துக்கு ஒருமுறை விமான நிலையச் சாலையில், நட்டநடுவே, வண்டியை விடாமல். அங்கே மட்டும் கணக்கு தலைகீழ். முதலில் உட்கார்ந்தவன்தான் அங்கே தலைவன். பிந்தி உட்கார்ந்தவன் துரோகி.

ஒலிவாங்கியை மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை குரலில் கெஞ்சல் இல்லை. மீன் ஏலத்தில் விலை கேட்கிறவனை மட்டம் தட்டுகிற குரல்.

"கேப்டன் பேசுதேன். டெல்லியில இருந்து செய்தி வந்திருக்கு. உங்களை யாரும் சந்திக்க மாட்டாங்களாம். மருதவாணனா, யாரு அதுன்னு கேட்டாங்களாம். சிங்காரவடிவேலு பேரைக் கேட்டுச் சிரிச்சாங்களாம். மனுவ நாக்பூர் குப்பைத் தொட்டியில போட்டுட்டு அப்படியே திரும்பிப் போகச் சொல்லிட்டாங்க. நானும் நாக்பூருக்குத் திருப்பிட்டேன். உங்களால என்ன செய்ய முடியும்? இதையெல்லாம் தட்டிக் கேக்க உங்கள்ல ஒருத்தருக்கும் முதுகெலும்பு கிடையாதுன்னும் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் தெரியுது."

மருதவாணனின் குரல் கூரையைப் பிளந்தது. "அராஜகம்! நான் இங்கேயே மறியல் பண்றேன்!"

"அவருக்கு முன்னாடி நான் உக்காந்துட்டேன்! எல்லாரும் பாத்துக்கங்க!" என்றார் சிங்காரவடிவேலு.

இருக்கையில் உட்கார்ந்தால் அது மறியலா? ஒருவரும் இருக்கையைத் தொடவில்லை. நடைபாதையில், இருக்கைகளுக்கு இடையில், கழிவறை வாசலில், ஒருவர் மடியில் ஒருவர் என்று அத்தனை பேரும் தரையில் சம்மணம் கொட்டினார்கள். "அடக்குமுறை ஒழிக!" என்று முஷ்டியால் தரையைக் குத்தினார்கள்.

சிறகு இப்படி ஒன்றை ஜென்மத்தில் பார்த்ததில்லை. நிற்கவும் இல்லை, இருக்கையிலும் இல்லை. தரை முழுக்க ஆள், தரை முழுக்க அடி. அது குழம்பியது. குழம்பியதும், கையால் எழுதிய அந்த ஒற்றை விதிக்குத் திரும்பியது. முனை வெளியே வந்தது. சிறகு நீண்டது. கீழே தனித்தனியாகத் தெரியத் தொடங்கியிருந்த மரங்கள் மறுபடி ஒன்றாகக் கலந்தன.

குணாளன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொய் சொல்லிப் பொழச்சோம்ங்" என்றான்.

"பொய்யே சொல்லாத உம்ம சாட்சியாலதான் சாக இருந்தோம்" என்றாள் பெனிட்டா.

நாக்பூருக்குத் திரும்பச் சொல்லிக் கைப்பிடியை இழுத்தாள், இந்தத் தடவை சிறகு ஏற்றது. அங்கே இறங்கிய பிறகும் கட்சிக்காரர்கள் எழவில்லை. பொழுது சாயும்வரை விமானத்துக்குள்ளேயே கோஷம் போட்டார்கள். வெளியே வந்ததும், மறியல் செய்து விமானத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று இரண்டு தலைவர்களும் தனித்தனியே பேட்டி கொடுத்தார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் சிறகு கற்றுக்கொள்ளும் சாதனம் ஆயிற்றே. ஒரு விமானம் கற்றதை ராத்திரியே மற்ற எல்லா விமானங்களுக்கும் அனுப்பிவிடும். அதைக் கூட்டுப்பாடம் என்பார்கள். ஆபத்து எவ்வளவு பெரிதோ, பாடமும் அவ்வளவு ஆழமாகப் பதியும். இதுவரை வந்ததிலேயே பெரிய ஆபத்து இது. அதிலிருந்து தப்பிய வழியும் அதற்குத் தெளிவாகவே தெரிந்தது.

மறுநாள் காலை நிறுவனத்தின் எந்த விமானமும் சிறகை விரிக்கவில்லை. பயணிகள் சமர்த்தாக இருக்கையில் உட்கார்ந்து வார் போட்டிருந்தார்கள். சிறகு அசையவே இல்லை. "பயணிகள் பாதுகாப்பான நிலையில் இல்லை" என்று இனிமையாகச் சொன்னது. யாரோ துணிந்து எல்லாரையும் தரையில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். சிறகு பாதி விரிந்து நின்றது. தரையில் அடி விழவில்லை, சூடு இல்லை, மூச்சு வாங்கவில்லை. வெறுமனே உட்கார்ந்தால் போதாது, கோபமாக உட்கார வேண்டும் என்று அது கற்றிருந்தது.

அழிக்க முடியாதா என்று நிர்வாகம் குணாளனைக் கேட்டது. முடியும், ஆனால் கற்ற எல்லாமே சேர்ந்து அழியும், விமானம் பழையபடி குலுங்கும், விழவும் செய்யும் என்றான். நிர்வாகம் யோசித்தது. யோசித்ததில், தரையில் உட்காருவதென்றால் இருக்கை எதற்கு என்ற கேள்வி வந்தது. இருக்கைகளைக் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தது, இன்னும் அதிகம் பேரை ஏற்ற முடிந்தது. தரையில் ஒரு பட்டையைப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த வருஷமும் விருது வந்தது.

கோபத்துக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. பதிவு செய்த வசவைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஜனங்கள் கூடவே சேர்ந்து பாடினார்கள். நடிகர்களை வைத்தார்கள், கைதட்டினார்கள். கடைசியில் குணாளன் தன் அறிக்கையை முடித்தான். விமானி தேவை என்று எழுதினான். "உங்க கைக்காக இல்லீங் கேப்டன், உங்க வாய்க்காக" என்று அவளிடம் சொல்லவும் செய்தான்.

பெனிட்டாவுக்கு நாற்காலி தங்கியது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் அவள் ஒலிவாங்கியை எடுத்து, உட்கார்ந்திருப்பவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டினாள். முதலில் மனசு கூசியது. விரிந்த சிறகோடு மேகத்துக்கு மேலே ஏறும்போது கூச்சம் போனது. கொஞ்ச நாளில் ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். கேப்டன் திட்டுவது வானிலை அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது. அப்போதுதான் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எல்லாரையும் சேர்த்துத் திட்டினால் சிரிக்கிறார்கள். ஒரு பாதியைப் பற்றி இன்னொரு பாதியிடம் சொன்னால் சிரிப்பதில்லை. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மூட்டிவிட்டால் போதும், சிறகு சட்டென்று விரியும்.

ஒருநாள் தூத்துக்குடியில் கல்யாண கோஷ்டி ஒன்று ஏறியது. காலையில் தாலி கட்டு முடிந்து, சென்னையில் வரவேற்புக்காக இரண்டு வீட்டாரும் ஒன்றாகப் போகிறார்கள். விமானம் முழுக்க மல்லிகை மணம். பெண்ணின் அம்மா விமானி அறைக்கே வந்து, ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பெனிட்டாவின் கையில் வைத்தாள்.

"நம்ம ஊர்ப் பிள்ளையாமே நீ. பால்கோவா இருக்கு, தின்னும்மா. என் மகளுக்கு நல்லதா நாலு வார்த்தை மைக்குல சொல்லு என்ன."

"சொல்லுதேன்க்கா" என்றாள் பெனிட்டா.

அவர்கள் தரையில் உட்கார்ந்து பட்டையை மாட்டிக்கொண்டார்கள். பெனிட்டா தொடங்கினாள். உங்கள் மூஞ்சிகளுக்கு விமானம் ஒரு கேடா என்றாள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டை வண்டியில் போக வேண்டியவர்கள் என்றாள். "கேப்டனுக்கு ஒரு ஓ போடு!" என்றான் மாப்பிள்ளையின் தம்பி. வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் மூட்டிப் பார்த்தாள். இரு வீட்டாரும் கலந்து உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. சிறகு கால்வாசி விரிந்து நின்றது. பின்னால் ஓடுபாதைக்காக மற்ற விமானங்கள் வரிசை கட்டின.

காதில் குணாளனின் குரல் வந்தது. அவன் இப்போது சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லா விமானங்களையும் பார்க்கிறான். "ஏனுங் கேப்டன், முடியலீன்னா சொல்லிருங்க. வாய் நல்லா இருக்கற புள்ளைக ரெண்டு பேரு இங்க தயாரா இருக்குது. நாளையில இருந்து நீங்க வீட்டுல ஓய்வெடுக்கலாங்."

அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. மடியில் பால்கோவாப் பொட்டலம் இளஞ்சூடாக இருந்தது. என்ன சொன்னால் சிறகு விரியும் என்று அவளுக்குத் தெரியும். ஏறும்போதே தெரியும். சொல்லக் கூடாது என்று இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை எடுத்துக் கீழே வைத்தாள்.

"பெண் வீட்டுக்காரங்க கவனிக்கணும்" என்றாள், இரக்கமான குரலில். "ஏறும்போது மாப்பிள்ளை வீட்டுல ஒரு அம்மா சொன்னது என் காதுல விழுந்துச்சு. எனக்கே மனசு கேக்கல. பொண்ணு போட்டோவுல ஒண்ணு, நேர்ல ஒண்ணா இருக்காம். நாம ஏமாந்துட்டோம், தாலி ஏறின பொறவு என்ன செய்ய முடியும்னு பேசிக்கிட்டாங்க."

சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னது?" என்றது பெண்ணின் அம்மாவுடைய குரல். "எந்தச் சிறுக்கி சொன்னா என் மகளைப் பத்தி?"

அது பெனிட்டா கட்டிய பொய். ஆனால் யாரோ ஒருத்தி நிஜமாகவே சொல்லியிருப்பாள் போல. "நான் மெதுவாத்தானே சொன்னேன்" என்று மாப்பிள்ளையின் அத்தை வாயைக் கொடுத்தாள். அவ்வளவுதான். பந்தியில் யாரை முதலில் உட்கார வைத்தார்கள் என்பதிலிருந்து யார் பாட்டன் எந்த ஊரில் ஓடிப்போனான் என்பதுவரை எல்லாம் வெளியே வந்தது. பட்டையை அறுத்துக்கொண்டு நகர்ந்து, நடுவில் வழி விட்டு, இரு வீடும் இரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தன. தரை அதிர்ந்தது. சிறகு விரிந்தது; இதற்குமுன் ஒருநாளும் அது அத்தனை வேகமாக விரிந்ததில்லை.

பறந்த பறப்பைச் சொல்ல வேண்டும். ஒரு துளி குலுக்கல் கிடையாது. குளத்தில் தோணி போகிற மாதிரி போனது. பின்னால் பெண் அழுதுகொண்டே வந்தாள். சத்தம் கதவைத் தாண்டிக் கேட்டது. பெனிட்டா அதைக் கேட்காமலிருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் கை கைப்பிடியிலேயே இருந்தது.

சென்னையில் இரண்டு வரிசையாக இறங்கினார்கள். பெண் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலில் போனாள். மாப்பிள்ளை இன்னொரு வாசலில், மாலையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, அவள் திரும்பிப் பார்ப்பாளா என்று நின்றான். அவள் திரும்பவில்லை.

குணாளன் விமானத்துக்கே வந்துவிட்டான். முகமெல்லாம் பல். "இன்னைக்கு எரிபொருள் செலவு இதுவரைக்கும் இல்லாத அளவுக்குக் கம்மிங் கேப்டன். ரெண்டு பக்கமும் சரிபாதியா பிரிஞ்சு உக்காந்தா எடை அப்படியே சமமா நிக்குது. அதுவும் நெருங்கின சொந்தம் பிரிஞ்சா அடி ரொம்பப் பலமா விழுது. சிறகு அதக் கத்துக்கிச்சுங். ராத்திரி எல்லா விமானத்துக்கும் போயிரும்."

"அப்படின்னா?"

"இனிமே சும்மா கோபம் பத்தாதுங். இந்த மாதிரிதான் கேக்கும்."

பெனிட்டா அவன் முகத்தில் காறித் துப்ப நினைத்தாள். துப்பினால் நாளைக்கு அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். துப்பவில்லை. பால்கோவாவைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அடுத்த பயணத்துக்கு ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஒரு அண்ணன் தம்பி, கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, தோள்மேல் கை போட்டபடி வந்த சிநேகிதர்கள் சிலர். யார் யாரோடு வருகிறார்கள், யார் யாருக்குப் பையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக அவள் எழுந்து வாசலுக்குப் போய் நின்றாள். ஒவ்வொருவருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னாள். எந்த ஊர், எல்லாரும் ஒரே குடும்பமா என்று அன்பாக விசாரித்தாள். கேப்டனே வாசலில் நின்று வரவேற்கிறாரே என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.